செவ்வரத்தைப் பொட்டலம்

2024 யூன் 7, வெள்ளி. ஒட்டுசுட்டான்

எனக்கும் என்னோடு படிப்பிக்கும் கணித ஆசிரியர் ஜெயந்தனுக்கும் அம்மா இன்று அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். வாழையிலையில் இரண்டு பொட்டலம். வெள்ளைப் பூ வந்தால் கலியாணம், சிவப்பு என்றால் இல்லை. அக்காவின் நாலு வயது மகள் தேனுகா ஒன்றை எடுத்தாள்.

சிவப்பு.

"அம்மாள் வேண்டாம் எண்டுட்டா, பிள்ளை. இனி அந்தக் கதை வேண்டாம்."

விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் நான். ஒரு செவ்வரத்தம்பூவோ என்ரை வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது? சோறும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்.

யூன் 8

வெள்ளை வந்திருந்தால் இப்படிக் குதித்திருப்பேனா? மாட்டேன். மோதகம் அவித்திருப்பேன். பிடிக்காத விடையை மட்டும் சந்தேகிக்கிற பிள்ளைக்கு நான் புள்ளி குறைப்பேன். வெட்கமாக இருக்கிறது.

கோபத்தை விட்டுவிட்டு நாளை செய்து பார்க்கிறேன்.

யூன் 9

குசினியில் இருபது முறை கட்டினேன். அம்மா கட்டியதுபோலவே செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். தேனுகா எடுக்க எடுக்க, மிச்சமிருந்ததையும் பிரித்துச் சரிபார்த்தேன். சிவப்பு பதினெட்டு!

"ஏனடி இதையே எடுக்கிறாய்?"

"இதுதான் பெருசு, சித்தி. உள்ளுக்கு லட்டு இருக்கும்."

செவ்வரத்தை பெரிய பூ, பொட்டலம் உப்பித் தெரிகிறது! பதினெட்டு முறை ஏமாந்தும் அவளுக்கு நம்பிக்கை குறையவில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்துவிட்டது.

வாசலில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. "அம்மாளைச் சோதிக்கிறியோ?"

"இல்லையம்மா. நாங்கள் கேட்ட விதத்தைத்தான்."

உள்ளே வந்து இரண்டு பொட்டலத்தையும் கையில் எடுத்துப் பார்த்தார். "அப்ப கட்டினது என்ரை பிழை" என்றார். வருகிற வெள்ளி மறுபடி. இரண்டு நிற அலரி, ஒரே அளவு. முடிவு எதுவானாலும் ஏற்பேன் என்று வீராப்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

யூன் 12

வெள்ளை வரச் சாத்தியம் பாதிக்குப் பாதி. ஐயோ, ஏன் வாயைக் கொடுத்தேன்?

"நியாயமான சோதனைதானே, ஏன் பயப்பிடுறீர்?" என்றார் ஜெயந்தன்.

"உமக்குப் பயமில்லையோ?"

"இருக்கு."

யூன் 14, வெள்ளி

வெள்ளை! வெள்ளை! தேனுகா எடுத்தாள், ஐயர் பிரித்தார், எனக்குக் கால் நிலத்தில் இல்லை. இந்தச் சந்தோசத்தை எழுத வரவில்லை. தேனுகாவுக்கு உண்மையான லட்டு வாங்கிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து, பழக்கதோஷத்தில், அம்மாவின் அர்ச்சனைத் தட்டில் கிடந்த மற்றப் பொட்டலத்தையும் பிரித்தேன்.

அதிலும் வெள்ளை அலரி.

நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தேன். அவர் தேங்காய் திருவுவதை நிறுத்தவில்லை.

"அம்மாளிட்டைச் சொல்லிப்போட்டுத்தான் கட்டினனான்."