அழித்த கல்லாறு

ஐப்பசி, வியாழன். விடாத மழை.

எங்கள் டீமில் யார் புது வேலை தொடங்கினாலும் புரோகிராமின் தனி நகலாக ஒரு பிராஞ்ச் எடுத்து, அதற்கு ஒரு பஸ் ஸ்டாப்பின் பெயர் வைப்போம். வேலை முடிந்து மூலப் பிரதியான மெயினில் சேர்ந்ததும் அந்த ஸ்டாப்பை அழித்துவிடுவோம். இன்று டீம் லீடான நானே அழிக்க உட்கார்ந்தேன். வலியசாலை போயிற்று, தம்பானூர் போயிற்று. ஜன்னலில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டே கல்லாற்றையும் அழித்துவிட்டேன்.

அது இன்னும் முடியாத வேலை. சுரேஷ் ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தது. அவன் லேப்டாப்போ நேற்றுதான் செத்துப்போயிருந்தது.

பக்கத்து இருக்கை நித்யா மெல்லச் சொன்னாள். "என் மெஷின்ல இருக்கு சேச்சி. நேத்து சாயங்காலம் வரைக்கும் உள்ளது."

அவள் செய்வது டிசைன் வேலை.

"உனக்கு எதுக்குடி அது?"

"சும்மா. தினமும் எடுத்து வாசிப்பேன். சுரேஷ் ஏட்டன்கிட்ட சொல்லாதீங்க. பேக்கப்லேர்ந்து கிடைச்சுன்னு சொன்னா மதி, அது போதும்."

அப்படியே சொன்னேன். சுரேஷ் நெற்றியைச் சுருக்கினான்.

"நமக்கு ஏது சேச்சி பேக்கப்?"

நித்யா தன் திரைக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் குனிந்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டான். பிறகு எதுவும் கேட்கவில்லை.

நாளை முதல் வேலையாக பேக்கப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யத்தான் வேண்டுமா?

கண்ணை மூடினால் பொன்முடி மலைக்குப் போகும் பஸ் மழையில் ஏறிக்கொண்டிருக்கிறது. கண்டக்டர் "கல்லாறு" என்று கூவுகிறார். இறங்குகிறவர்கள் இரண்டு பேர்.