பன்னிரண்டு மணிக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது

மார்ச் 3, செவ்வாய்

மனச்சோர்வுக்குக் கொடுத்த நாலாவது மாத்திரையும் கேட்கவில்லை. டாக்டரம்மா இன்று சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். இனி ஈ.சி.டி.தான். மயக்க மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தலையில் சில விநாடி மின்சாரம் செலுத்துவார்களாம். வாரம் இரண்டு முறை. காலையில் போனால் மதியம் வீட்டுக்கு வந்துவிடலாம். கூட ஒரு ஆள் கட்டாயம்.

வரும் வழியில் தங்கை, "கரன்ட் பில்லு நம்ம வீட்டுக்கு வராதுல்ல?" என்றாள். பதினான்கு மாதத்துக்கு முன்பென்றால் சிரித்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடம் ஆலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரி நான். சூப்பில் உப்பு கூடினால் உருளைக்கிழங்கு போடுவோம். அடங்காவிட்டால் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் கொட்டிவிடுவோம். என்னை இப்போது எந்தக் கட்டத்தில் வைத்திருக்கிறார்கள்?

மார்ச் 5

கேன்டீன் உதவிக்காரி போன் செய்தாள். முந்நூறு பேர் சூப்புக்கு உப்பு எவ்வளவு என்று. சொன்னேன். அளவெல்லாம் மனப்பாடம், நாக்கில்தான் ஒன்றும் இல்லை. போன வருடம் ஜனவரியில் ஒரு நாள் சூப்பை உள்ளங்கையில் ஊற்றி ருசி பார்த்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. அத்தோடு வேலைக்குப் போகவில்லை.

மார்ச் 6, வெள்ளி

நாள் முழுக்கப் பரிசோதனை. ரத்தம், இதயம், பல். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, நெயில் பாலிஷ் கூடாது, தோட்டைக் கழற்ற வேண்டும். தங்கை பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

கடைசியாக நர்ஸ் சொன்னார்: "ராத்திரி பன்னெண்டுக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி கூடக் கூடாது. மறந்து சாப்பிட்டுட்டா சொல்லிடணும். மறைச்சா உசுருக்கே ஆபத்து."

தங்கை அதன் கீழே இரண்டு கோடு போட்டாள். நானும் மனதுக்குள் போட்டுக்கொண்டேன் – வேறு காரணத்துக்காக.

மார்ச் 7

யார் மேலும் பழி வராது. விபத்து என்பார்கள்.

மார்ச் 8, ஞாயிறு

இவ்வளவு அமைதியாக இருப்பது எனக்கே பயமாக இருக்கிறது. அலமாரியைத் துடைத்தேன். புடவைகளை மடித்து வைத்தேன். "இன்னிக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கியேக்கா" என்று தங்கைக்கு ஒரே சந்தோஷம். அவளுக்காக இரண்டு துண்டு ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பாவி நான். அவ முகத்தப் பாக்க முடியல.

மார்ச் 9, திங்கள், சாயங்காலம்

நாளை முதல் முறை. கடையில் ஒரு பன் வாங்கிக் கைப்பையில் கைக்குட்டைக்கு அடியில் வைத்திருக்கிறேன். தங்கை ஃபிரிஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: 'பன்னிரண்டுக்கு மேல் திறந்தால் கையை உடைப்பேன்.' பாவம், வாசலில் காவல் இருக்கிறாள். கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது.

வேண்டுமா, வேண்டாமா? களைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

மார்ச் 10, செவ்வாய், காலை ஆறரை. மருத்துவமனை

சாப்பிட்டாயிற்று. கிளம்பும் முன் வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, நின்றபடியே. பஞ்சை மென்ற மாதிரி இருந்தது.

எங்கள் எண் மூன்று. தங்கை என் தோளில் சாய்ந்திருக்கிறாள். அவள் கை ஜில்லென்று இருக்கிறது. என்னடி என்றேன். "நீ பட்டினி கெடக்கும்போது எனக்கு மட்டும் எப்படி இறங்கும்? தண்ணி கூடக் குடிக்கல." அல்சர்காரி. ஒரு வேளை தவறினால் சுருண்டு படுத்துவிடுவாள்.

கூப்பிடுகிறார்கள்.

அதே நாள், மாலை. வார்டு

நடந்ததை எழுதி வைக்கிறேன். மயக்க மருந்து டாக்டர், ராத்திரிக்குப் பிறகு ஏதாவது சாப்பிட்டீர்களா என்று என்னைக் கேட்டார். தங்கை முந்திக்கொண்டாள். "ஒரு சொட்டு கூட இல்ல டாக்டர். நான் பக்கத்துலயே இருந்தேன்."

யார் மேலும் பழி வராது என்று எழுதினேனே! அவள் சாட்சி சொல்லிவிட்டாள். அதன் பிறகு எனக்கு ஏதாவது ஆனால் அந்த ஒரு வார்த்தையை ஆயுசு முழுக்கத் தூக்கிச் சுமக்கப்போகிறவள் அவள்தான்.

"காலைல ஒரு பன் சாப்பிட்டேன்" என்றேன்.

டாக்டர் பேனாவை மூடினார். டாக்டரம்மா வந்து, மறந்து சாப்பிட்டீர்களா, தெரிந்தா என்று கேட்டார். தெரிஞ்சுதான் என்றேன். சிகிச்சை இன்று இல்லை. வீட்டுக்கும் அனுப்பவில்லை, வார்டில் படுக்கை கொடுத்துவிட்டார்கள்.

தங்கை திட்டவில்லை. என் கைப்பையைக் கவிழ்த்து, பன் சுற்றியிருந்த தாளை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "நீ மட்டும் சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தாள்.

மார்ச் 13

முதல் முறை முடிந்தது. தலைவலி, தாடை வலி. வேறொன்றும் தெரியவில்லை.

மார்ச் 21, சனி

மூன்று முடிந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வீட்டிலிருந்து போய் வரலாம். இந்தச் சிகிச்சையில் கொஞ்சம் மறதி வரும் என்று சொல்லியிருந்தார்கள்; கேன்டீன் உதவிக்காரியின் பெயர் மறந்துபோய், அரை நாள் கழித்து வந்தது. குளியலறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள்.

ஏப்ரல் 2, வியாழன்

ஆறு முடிந்தது. நாளை ஏழாவது.

இன்று பழைய பக்கங்களைப் படித்தேன். மார்ச் பத்தாம் தேதி எனக்கு நினைவிலேயே இல்லை. பன் இல்லை, டாக்டர் கேட்டது இல்லை. கையெழுத்து என்னுடையதுதான். இப்படி எழுதியவள் எங்கே போனாள்? போய்விட்டாளா, உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறாளா?

மதியம் தங்கை சூப் வைத்திருந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "உப்பு கம்மிடி" என்றேன்.

அவள் உப்பு எடுக்கப் போகவில்லை. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, நானே எழுந்து போய் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.