யூமிகோ கையில் ஏந்தி வந்த சோற்றுருண்டை

கீழத்தோப்பு,
அதிராம்பட்டினம் வழி.
18-2-1997

அன்பு மகன் தியாகேசனுக்கு அப்பா எழுதுவது. நான் இங்கே நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறேன். நீயும் மருமகள் யூமிகோவும் பாப்பாவும் அந்த ஜப்பான் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் சுகமாக இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் மனசு அடங்கும். நீ தை மாதம் போட்ட கடிதம் வந்தது. பங்குனியில் மூன்று பேரும் வருகிறோம், தஞ்சாவூரில் லாட்ஜில் ரூம் போட்டாயிற்று, யூமிகோவுக்கு நம் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, ஒரு நாள் பகலில் வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று எழுதியிருந்தாய். தபால்காரர் எதிரில் சந்தோஷமாகச் சிரித்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன், அன்றைக்கு எழுந்திருக்கவே தோன்றவில்லை. பெற்ற மகன் சொந்த ஊருக்கு வந்து லாட்ஜில் படுப்பானாம், நான் இங்கே ஒற்றை ஆளாக இரண்டு அறையையும் பெருக்கிக்கொண்டு கிடப்பேனாம். உன்மேல் கோபம் கோபமாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்பது நீ எனக்காக மரியாதைக்குப் போட்ட பூச்சு. ஒத்துக்கொள்ளாதது சாப்பாடு இல்லை தம்பி, நான்தான்.

ஊர் சேதி சொல்கிறேன். கடைமடைக்குத் தண்ணீர் இந்த வருடமும் தாமதம்தான். அதனால் சம்பா போடாமல் குறுகிய நாள் பயிராகக் குண்டு நெல் போட்டு அறுத்தாயிற்று. கிழக்கு ஓரத்தில் இறால் பண்ணைக்காரனின் குட்டையிலிருந்து உப்பு கசிந்து கால்வாசி நிலம் வெள்ளை பூத்துவிட்டது, அதில் புல்லும் முளைக்கவில்லை. பண்ணைகளை மூடச் சொல்லி டெல்லியிலே கோர்ட்டு தீர்ப்பே சொல்லிவிட்டது, இங்கே மோட்டார் ஓடுகிற சத்தம் நின்றபாடில்லை. ஆட்சி மாறியிருக்கிறதே என்று போன வாரமும் சங்கத்துக்காரர்கள் பதினைந்து பேர் தாலுகா ஆபீசுக்குப் போய் மனு கொடுத்தோம், அடுத்த வாரம் வாங்க என்றார்கள், நானும் முப்பது வருடமாக அந்த அடுத்த வாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாட்டை விற்றுவிட்டேன். உன் அம்மா இருந்தவரை அது கத்தினால் அவள் பதிலுக்குக் கத்துவாள், வீடு கலகலவென்று இருக்கும். இப்போது ரேடியோவில் விவசாயச் செய்தி வாசிக்கிறவரோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருத்தனுக்கு என்னத்தை ஆக்குவது என்று காலையில் வடித்ததில் தண்ணீர் ஊற்றி மூன்று வேளையும் அதையே குடிக்கிற நாளும் உண்டு. இதைப் படித்துவிட்டுப் பதறாதே, நெஞ்சில் இருப்பதைச் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வந்த நாலாம் நாள் நான் ஜப்பான் சமையல் படிக்கக் கிளம்பிவிட்டேன். சிரிக்காதே. அதிராம்பட்டினத்தில் அப்துல் அஜீஸ் பாய் இருக்கிறார் இல்லையா, நாம் கருவாடு வாங்குவோமே அந்தத் தெருவில் கடைசி வீடு, அவர் பதினெட்டு வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கோபே, யோகோஹாமா என்று ஜப்பான் துறைமுகம் எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. போய்க் கேட்டேன். என்னைய்யா ராஜாங்கம், அறுபத்திரண்டு வயசுல கப்பல்ல வேலைக்குச் சேரப் போறியா என்று கேலி பண்ணினார். மருமகள் வருகிறாள் என்றேன். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு என்னோடு வந்துவிட்டார். முதல் நாள் என் வழக்கப்படி உலை வைத்துத் தண்ணீர் கொதித்ததும் அரிசியைப் போட்டேன், பதம் பார்த்தேன், தட்டைப் போட்டு மூடிக் கஞ்சியை வடித்துவிட்டேன். அட பாவி, ஒட்டுறது எல்லாத்தையும் சாக்கடையில ஊத்திட்டியே என்று அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். வடிக்கவே கூடாதாம். அரிசியைத் தெளிந்த தண்ணீர் வருகிற வரைக்கும் கழுவி, அளவாகத் தண்ணீர் வைத்து ஊறப்போட்டு, மூடிய மூடியைத் திறக்காமல் சிறு தீயில் வேகவிட்டு, இறக்கிய பிறகும் கால்மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டுமாம். மூடியைத் திறக்காமல் இருக்கிறதுதான் எனக்குப் பெரும்பாடு, திறந்து திறந்து பார்த்துத் திட்டு வாங்கினேன். இரண்டாம் நாள் வீட்டில் இருந்த பழைய புழுங்கல் அரிசியில் செய்தேன், உருட்டினால் மணி மணியாக உதிர்ந்து மடியில் கொட்டியது. புது அரிசி வேணும், பச்சரிசி வேணும், குட்டையா குண்டா இருக்கணும் என்றார். அட, அது நம் களத்திலேயே கிடக்கிறதே என்று ஒரு மூட்டையை மில்லுக்குக் கொண்டுபோனேன். மில்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. புது நெல்லை யாராச்சும் உடனே அரைப்பாங்களா, சோறு குழைஞ்சு போகுமே, பொங்கலும்தான் முடிஞ்சு போச்சே என்றார். குழையத்தான் வேணும் அரைச்சுக் குடுங்க என்றேன். கிழவனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பார்த்தார்.

சாறும் கற்றுக்கொண்டேன். நெத்திலிக் கருவாட்டின் தலையையும் குடலையும் கிள்ளிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கொதிக்கவிடாமல் காய்ச்சி வடிகட்டிக் கொஞ்சம் உப்பு, மேலே வெங்காயத் தாள், அவ்வளவுதான். என் கை இருக்கிறதே, அது என்னைக் கேட்காமலே போய் மஞ்சள் தூளையும் புளியையும் எடுத்துவிட்டது, அஜீஸ் பாய் கரண்டியால் என் மணிக்கட்டில் ஒன்று வைத்தார். முட்டையை அடித்துத் தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றிச் சுருட்டுகிறார்கள், அதில் சர்க்கரை போடுகிறார்கள். முட்டையில் சர்க்கரையா, சீ என்றேன். பாப்பா சாப்பிடும்யா என்றார். போட்டுவிட்டேன். நேற்று வரைக்கும் என் உருண்டை களிமண் மாதிரி இறுகிக்கொண்டிருந்தது, மண்வெட்டி பிடித்த கை இல்லையா, அழுத்தம் அடங்கவில்லை. நேற்றுத்தான் சரியாக வந்தது. கையை நனைத்து உப்பைத் தடவி, சூடு பொறுத்து, மூன்று மூலையாக, உள்ளே சோறு சோறாகவே இருக்கிற மாதிரி. அஜீஸ் பாய் ஒன்று தின்றார், அவர் வீட்டுக்கார அம்மா மெஹராஜ் பேகத்துக்கு ஒன்று இலையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், அந்தம்மா உப்புப் போதாது என்று சொல்லியனுப்பியது. மிச்சம் நாலு இருந்தது. தட்டில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். யாருக்குக் கொடுக்க?

தியாகேசா, நாலு வருடத்துக்கு முன்னால் நடந்ததை நான் உனக்கு இதுவரைக்கும் விளங்கச் சொன்னதில்லை. அன்றைக்கு இறால் பண்ணை மறியலில் எங்களைப் பிடித்துக்கொண்டுபோய்க் கல்யாண மண்டபத்தில் பகல் முழுக்க அடைத்து வைத்துப் பொழுது சாய்கிற நேரத்தில் விட்டார்கள். பசியோடும் ஆத்திரத்தோடும் வந்து உட்கார்ந்தேன். நீ கல்யாணம் பண்ணி அழைத்துவந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. எனக்காக அந்தப் பெண் நம் அடுப்பில் ஊதி ஊதிச் சோறாக்கி, உருண்டை பிடித்துக் கொண்டுவந்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு, இவங்க ஊருக்காரங்க இறால் திங்கணும்னு எங்க வயலு உப்பாப் போச்சு, இந்தக் குழைஞ்ச சோத்தைத் தூக்கி மாட்டுக்கு வையி என்று உன் அம்மாவிடம் கத்தினேன். யூமிகோவுக்குத் தமிழ் தெரியாது, தட்டைத் தள்ளியது எந்த மொழிக்காரருக்கும் தெரியும். மறுநாள் நீங்கள் கிளம்பிப் போனீர்கள். அம்மா செத்ததற்கும் நீ தனியாகத்தான் வந்தாய். என் கோபம் இறாலின்மேல் என்றுதான் நீ நினைத்திருப்பாய். அது பாதிதான். நான் சின்னப் பிள்ளையாகப் பண்ணையாரிடம் மாடு மேய்த்த காலத்தில், பெரிய வீட்டில் சோறு குழைந்துபோனால் அதை அவர்கள் சாப்பிட மாட்டார்கள். கொல்லைப்புறத்தில் எங்களைக் கூப்பிட்டு வரிசையாக உட்காரவைப்பார்கள். எங்களுக்குத் தட்டு கிடையாது. அந்தச் சோற்றை உருட்டி, எட்டி நின்று மேலேயிருந்து கையில் போடுவார்கள். என் அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருப்பார். அந்தக் கொல்லைப்புறத்தை மறக்கத்தான் நான் கொடி பிடித்தேன், உச்சவரம்பு நிலத்துக்காகத் திருச்சி ஜெயிலில் மூன்று மாதம் கிடந்தேன், ஒரு ஏக்கருக்குப் பட்டா வாங்கினேன். சொந்த நிலத்து நெல்லைக் குத்தி, பொலபொலவென்று வடித்த சோற்றைத் தட்டில் போட்டுத் தின்பதுதான் எனக்கு மரியாதை. என் வீட்டுக்குள்ளேயே ஒரு உருண்டை வந்து என் முன்னால் நின்றதும் என் புத்தி போய்விட்டது. அவள் எட்டி நிற்கவில்லை. தரையில் மண்டிபோட்டு இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினாள். நான் பார்த்தேன், பார்த்தும் அது என் கண்ணில் ஏறவில்லை. தப்பு முழுக்க என்னுடையது. இதை உன் அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. அவள் இரண்டு வருடம் என்னைக் கேட்காமல் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

நான் உன்னைக் கட்டாயப்படுத்தவில்லை. மூன்று நாள் வீட்டில் தங்கினால் மூன்று நாளும் நானே ஆக்கிப் போடுவேன், மிளகாய்ப் பக்கமே போக மாட்டேன், புதுப் பாய் வாங்கிவைத்திருக்கிறேன், குளிக்கிற இடத்துக்குக் கதவு போட்டாயிற்று. லாட்ஜ்தான் என்று அவள் சொன்னால் அதுவும் நியாயம்தான். நான் காலையில் உருண்டை பிடித்துத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் தஞ்சாவூருக்கு வந்துவிடுகிறேன். மேலே வர மாட்டேன், கீழே நிற்கிறேன். அவள் கையில் நானே கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு ஆசை. அவள் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, பாப்பாவை மட்டும் இறக்கி அனுப்பு, கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.

உன் அம்மா கும்பிட்ட சாமிகள் எல்லாம் உங்கள் மூன்று பேரையும் நோய் நொடி இல்லாமல் காக்கட்டும், எனக்கு அவர்களோடு பழக்கம் இல்லாவிட்டாலும் உங்களுக்காகக் கேட்டுக்கொள்கிறேன். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. சாற்றில் கரைக்கிற சோயா விழுது இங்கே கிடைக்காதாம், ஒரு டப்பா கொண்டுவா. மறக்காமல் இன்னொன்று. இந்தக் கடிதத்தை யூமிகோவுக்கு அவள் மொழியில் முழுக்கப் படித்துச் சொல். எனக்கு வெட்கமாக இருக்கும் என்று நினைத்துப் பண்ணையார் வீட்டுக் கொல்லைப்புறத்தை விட்டுவிடாதே. படித்து முடிக்கும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுது. வீடா லாட்ஜா என்று தனியாக எழுத வேண்டாம், அதிலேயே நான் தெரிந்துகொள்வேன்.

இப்படிக்கு
உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
கா. இராஜாங்கம்