ஆறாவது கேள்விக்கு எழுதிய பதில்

அன்புள்ள தங்கைக்கு,

உன் சின்னண்ணன் எழுதுகிறேன். நீ போனில் கேட்டபோதெல்லாம் லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் வாய் வரவில்லை. காகிதத்தில் சொன்னால் நடுவில் நீ அழுவது எனக்குக் கேட்காது. அந்தக் கோழைத்தனத்தில்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்து படி. மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

முதலில் வீட்டுச் செய்தி. பெரியண்ணன் வீட்டைக் கழுவி முடித்துவிட்டோம். உன் அண்ணியும் நானும் மூன்று நாள் சேறு அள்ளினோம். சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் நெஞ்சு உயரத்துக்கு இருக்கிறது. அவள் சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை புண்ணாகி, கடைசியில் அந்தக் கோட்டுக்குக் கீழேயே உட்கார்ந்துவிட்டாள். நீ அவருக்கு அனுப்பிய சாம்பல் நிற ஸ்வெட்டர் பீரோவின் மேல்தட்டில் இருந்ததால் நனையவில்லை. உனக்கே அனுப்பட்டுமா, யாருக்காவது கொடுத்துவிடட்டுமா, சொல்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். மாவட்டப் பேரிடர்ப் பிரிவு: ஒரு அறை, இரண்டு மேஜை, ஒரு போன். புயல் எட்டாத, பூமி அதிராத மாவட்டம் இது. வருடா வருடம் அச்சாகும் புத்தகத்தில் நம் பெயருக்கு நேராக 'குறைந்த அபாயம்' என்று இருக்கும். பெரியண்ணன் என்னை விட்டுவைத்ததில்லை. "ஆபத்தே இல்லாத ஊர்ல ஆபத்து ஆபீசர்! மொட்டையனுக்குச் சீப்பு வித்த மாதிரி" என்பார். நானும் சிரிப்பேன். 'வருமுன் காப்போம்' என்று சுவருக்குச் சுவர் எழுதவைத்தது நான்தான். கீழே எங்கள் போன் நம்பர். அதைத் தவிர எதையும் காத்ததில்லை.

வருடம் ஒருமுறை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வரும். ஒன்பது கேள்வி. ஆறாவது இது: 'தாமாக எழுந்து வெளியேற முடியாதவர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், வீட்டுக்கு எப்படிப் போவது?' இதற்குப் பதில் எழுத ஊர் ஊராகப் போய் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். எனக்கு முன்னால் இருந்தவர் 'இல்லை' என்று எழுதியிருந்தார். நானும் பதினோரு வருடம் அதையே பார்த்து எழுதினேன். ஒரு பிரதி தீயணைப்பு நிலையத்துக்குப் போகும், ஒன்று எங்கள் கோப்பில் தூங்கும்.

பெரியண்ணனின் லாரி கவிழ்ந்து அவர் கால்கள் போய் ஏழு வருடம் ஆகிறது. அந்த ஏழு வருடமும் 'இல்லை' என்றுதான் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றிவிட்டு, திங்கட்கிழமை ஆபீசில் உட்கார்ந்து 'இல்லை' என்று எழுதியிருக்கிறேன். கெட்ட எண்ணம் கிடையாது. அந்தக் காகிதத்துக்கும் நம் வீட்டுக்கும் ஏதோ சம்பந்தம் உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொன்னால் நம்புவாயா தெரியவில்லை.

தனிக்கட்டையான அவருக்கு ஓடைக்கரை வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் நான்தான். வாசலில் படியே இல்லை, நாற்காலி நேராக உள்ளே போகும் என்று எவ்வளவு பெருமைப்பட்டேன்! அந்த ஓடையில் தண்ணீர் ஓடி நீயும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. துணி காயப்போடுவார்கள், பந்து விளையாடுவார்கள், அவ்வளவுதான்.

அன்று புதன்கிழமை. இங்கே ஒரு தூறல் கிடையாது, நல்ல வெயில். மேலே மலையில் மட்டும் காலையிலிருந்து கொட்டியிருக்கிறது. கைவிட்டுப்போன கல்குவாரிக் குழி நிரம்பி, மண்கரை உடைந்து, மொத்தத் தண்ணீரும் ஓடையில் இறங்கியது. அது எங்களுக்குத் தெரியாது. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன், போன் அடித்தது. பெரியண்ணன். "தம்பி, வாசல்ல தண்ணி வருதுடா, எங்கேருந்து வருதுன்னு தெரியல" என்றார். "மழையே இல்லையே அண்ணா, குழாய் உடைஞ்சிருக்கும், ஆளை அனுப்பச் சொல்றேன்" என்றேன். அதோடு விட்டேனா? "அதுவரைக்கும் குடத்தை வெச்சுப் புடிங்க" என்றேன். அவர் சிரித்தார். தங்கச்சி, அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

குடிநீர் அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு டீ குடித்தேன். கால்மணி நேரம் இருக்கும், மறுபடி அவரே கூப்பிட்டார். "குழாய் இல்லடா. ஓடையே வருது. வண்டி அனுப்பு." குரலில் பயமே இல்லை. சைக்கிள் பஞ்சரானால் ஆள் அனுப்பச் சொல்வது போலச் சொன்னார்.

உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வேறு யாரோ ஏற்கெனவே தகவல் சொல்லி, வண்டி கிளம்பிப் போயிருந்தது. கிளம்பும்போது நிலைய அதிகாரி எங்கள் படிவத்தைப் பிரித்து ஆறாவது கேள்வியைப் பார்த்திருக்கிறார். 'இல்லை.' சரி, எல்லோரும் ஓடித் தப்பிக்கக்கூடியவர்கள் என்று நினைத்து, வண்டியையும் படகையும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார். நிலையமும் பெரியண்ணன் வீடும் ஒரே கரையில், பாலத்துக்குப் போகும் வழி அண்ணனின் தெருமுனைதான். அதைத் தாண்டித்தான் வண்டி போயிருக்கிறது. என் தகவல் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது அறுபத்திரண்டு குழந்தைகள் மொட்டை மாடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரையும் இறக்கிவிட்டார்கள். திரும்பி வருவதற்குள் அண்ணனின் தெரு முழுகிவிட்டது.

நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாலத்துக்கு மேலே தண்ணீர். தாண்ட முடியாமல் ஆபீஸ் பக்கக் கரையிலேயே நின்றேன். அவர் வீட்டுக் கூரை எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அந்த மாலையைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா பிறகு வந்து சொன்னார். அந்த அம்மா நாற்காலியைத் தள்ளப் பார்த்திருக்கிறார், சேற்றில் சக்கரம் சிக்கிக்கொண்டது. இடுப்பில் கைக்குழந்தை வேறு. பெரியண்ணன் அவர் கையைத் தட்டிவிட்டு, "நீ முதல்ல குழந்தையைத் தூக்கிட்டு ஓடும்மா. என் தம்பி அந்த ஆபீஸ்லதான் இருக்கான், எனக்கு வண்டி வந்துரும்" என்றாராம்.

நீ போனில் தீயணைப்புக்காரர்களைச் சபித்தாய், அவர்கள் கை விளங்காமல் போக என்றாய். அன்றைக்கு நான் சும்மா கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சாபத்தின் விலாசம் தப்பு, அம்மா. அதைத் திருத்தத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. விசாரணைக்கு ஆள் வருகிறார் என்றதும் எங்கள் மேலதிகாரி என்னைப் பழைய கோப்புகள் இருக்கும் அறைக்குக் கூட்டிப்போனார். "புதுசா ஒரு தாள் எழுதுங்க. போன வருஷத் தேதி போடுங்க. உங்க அண்ணன் பேரே முதல்ல இருக்கட்டும். அவங்க பிரதி தண்ணியில போயிடுச்சு. நாம லிஸ்ட் குடுத்தோம், அவங்கதான் பாக்கலைன்னு ஆயிடும். போனவர் போயிட்டார், இருக்கறவங்க பொழைக்க வேணாமா?" என்றார். நான் எழுதினேன். மறைக்க மாட்டேன், எழுதினேன். பெயர், தெரு, 'வாசலில் படி இல்லை, நாற்காலி நேராக வரும்' எல்லாம் எழுதினேன். ஏழு வருடம் எழுத வேண்டியதை அவர் செத்த எட்டாம் நாள் எழுதினேன்.

அடக்கத்துக்கு அந்த நிலைய அதிகாரி சேறு காயாத சட்டையோடு வந்து பின்னால் நின்றிருந்தார். எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா போற வழியிலேயே தூக்கியிருப்போம் சார். நான் விசாரிச்சிருக்கணும்" என்று அழுதார். தப்பே செய்யாத மனிதன் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். புதுத் தாளை மடித்துப் பையில் வைத்தபோது அந்த முகம்தான் முன்னால் வந்து நின்றது. கிழித்துவிட்டேன்.

விசாரணைக்கு வந்தவர் முன்னால் பழைய தாளைத்தான் வைத்தேன். இது யார் எழுத்து என்றார். என்னுடையது என்றேன். இறந்தவர் உங்களுக்குத் தெரிந்தவரா என்றார். கூடப்பிறந்த அண்ணன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். இப்போது என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலதிகாரி தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் அண்ணி மட்டும், நல்ல காரியம் செய்தீர்கள் என்றாள். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கும் அவர் அண்ணன் மாதிரிதானே.

பகலில் வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். யாரும் கேட்டு அல்ல. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று டீக்கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டது நியாயம். சில வீடுகளில் உள்ளே விடுவதில்லை. நாலு ஊர் முடிந்திருக்கிறது, இருபத்தேழு பேர். மரக்கடைக்குப் பின்னால் கண் தெரியாத ஒருவர் தனியாக இருக்கிறார். ஒரு வீட்டில் படுத்தே கிடக்கும் பதினாறு வயதுப் பெண் இருக்கிறாள், வெளியே யாருக்கும் தெரியாது. பட்டியலை நிலைய அதிகாரியிடம் கொடுத்தேன், வண்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டார். போன வாரம் புதுப் புத்தகம் வந்தது. இந்த வருடமும் நாம் குறைந்த அபாயம்தான்.

உன் மாமியார் இடுப்பு முறிந்து படுத்திருப்பதாகச் சொன்னாயே. நீங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. லிப்ட் நின்றுபோனால் அவரை யார் தூக்குவது, எந்தப் பக்கமாக இறக்குவது என்று இன்றைக்கே பேசி வை. அக்கம்பக்கத்தில் சொல்லி வை. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

உன்னை வாழ்த்துகிற உரிமை பெரியண்ணனுக்குத்தான் இருந்தது. அவருக்குப் பதிலாக நான் சொல்வதா என்று இத்தனை நேரம் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் எல்லோரும் கால் நனையாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பேச வேண்டாம், நான் வற்புறுத்த மாட்டேன். திட்டியாவது நாலு வரி எழுது. எழுதவும் மனம் வராவிட்டால் வெறும் உறையில் விலாசம் எழுதி அனுப்பு. உன் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
உனக்கு மிச்சமிருக்கும் அண்ணன்