நிலாவில் வேகாத பருப்பு

என் உயிரான எஸ்தர் அக்கா,

நீ காய்ச்சலில் போய் நாலு மாசம் ஆச்சு. நேத்து திருப்பதியில் எனக்கு மாலை போட்டாங்க. எதுக்குன்னு கேக்கிறியா? நீ எழுதின நிலாக் கதைகளுக்கு!

இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவங்களுக்கும் தெரியட்டும். இத்தனை வருஷமா என் பேரில் வந்த கதைகளில் ஒரு வரிகூட நான் எழுதல. சித்தூர் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சரா இருந்த நீ எழுதினே. "பொம்பளப் பிள்ள பேரு பத்திரிகையில வந்தா சபையில நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க"ன்னு நம்மைப் பெத்த நைனா தடுத்தார். சரி, ஒரே ஒரு கதைக்குன்னு என் பேரைப் போட்டோம்.

அப்புறம் பாராட்டுக் கடுதாசிங்க வந்தது. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எனக்கு அது பிடிச்சிருந்தது. நைனா போன பிறகு நீ கேட்டே: "சாமு, இந்தக் கதைக்காவது என் பேரைப் போடலாமாடா?"

"அடுத்ததுக்குப் பாக்கலாம்க்கா"ன்னேன். நீ சிரிச்சுட்டு உறையை ஒட்டினே. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. ஏன்க்கா கேக்கல? ரெண்டு அறை விட்டிருக்கலாமே!

நேத்துக் கூட்டத்தில் ஒரு காலேஜ் பொண்ணு எழுந்தா. நிலாவில் தண்ணி கொதிக்குது, பருப்பு வேகல, எல்லாரும் பசியோட அடுப்பைச் சுத்தி நிக்கிறாங்களே, அந்தக் கதையைப் படிச்சுத்தான் சயன்ஸ் எடுத்தாளாம். "இது எப்படிங்க தோணுச்சு? நீங்க சமைப்பீங்களா?"ன்னு கேட்டா.

கூட்டமே சிரிச்சது. நான் அடுப்பு பத்த வெச்சதே கிடையாதே! ஹார்ஸ்லி மலையில பருப்பு வேகாம, பானையையே பாத்துக்கினு உக்காந்திருந்தது நீ. "துன்ன என்னா இருக்குது?"ன்னு கத்திக்கினு இருந்தது நான். "மேல போகப் போகக் காத்து குறையுதுடா, சூடு ஏறாமலே தண்ணி கொதிச்சுடுது. நிலாவுக்குப் போனா நீ பட்டினிதான்"னு சொன்னியே.

அதைச் சொல்ல வேண்டியதுதானே? "கர்த்தர் குடுத்த யோசனைம்மா"ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். கை தட்டினாங்க. உன் பேரை மறைக்கக் கர்த்தரையும் இழுத்துட்டேன், பாவி.

பஸ் சந்திரகிரி கோட்டையைத் தாண்டினப்போ அழுதுட்டேன். உன் கதையில நிலாவுக்கு வண்டி கிளம்புறது அங்கேர்ந்துதானே. பக்கத்து சீட்டுக்காரர் தெலுங்கில், "ஏமய்யா, ஒண்டிக்கு பாகலேதா?"ன்னு விசாரிச்சார். உடம்புக்கு ஒண்ணுமில்லன்னேன்.

கதையெல்லாம் புஸ்தகமா வருதுக்கா. அட்டையில் உன் பேர் மட்டும்தான் இருக்கும். முதல் பிரதியை அந்தப் பொண்ணுகிட்ட நானே கொண்டுபோய்க் குடுத்து, எனக்குச் சமைக்கத் தெரியாதுன்னு சொல்லுவேன். அடுத்ததுக்குப் பாக்கலாம்னு சொல்ல, இனிமே அடுத்த கதை இல்லையே.

உன் கதைகளைத் தபால்பெட்டி வரைக்கும் மட்டும் தூக்கிக்கினு போன தம்பி,
சாமு