நான் சொல்லவே இல்லை

4 பிப்ரவரி 2013, திங்கள்

காலை ஐந்தரை. பனி. இரண்டாம் பேஸில் நிற்பவள் முகம் தெரியவில்லை, தும்மல் மட்டும் கேட்கிறது. நாலு மணிக்கே கரண்ட் போய்விட்டது. வீட்டில் இவர் கொசுவுக்காக விசிறியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார். மைதானமே மேல் என்று கிளம்பி வந்தேன்.

வியாழன், வெள்ளி திண்டிவனத்தில் சாஃப்ட்பால் போட்டி. ஏழு வருஷமாக அந்தக் கோப்பை விழுப்புரத்தில் நம் கல்லூரி அலமாரியில்தான். அலமாரி பூட்டு ரிப்பேர்.

ஜூனியர் பெண்களுக்கு வார்த்தைப் பாடம். பேஸில் நிற்பவள் எப்போது ஓட வேண்டும் என்று கையைக் காட்டிச் சொன்னால், எதிர் டீம் கேட்சர் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நம் டீமில் வாயால்தான். ‘கேப்பை’ என்றால் பந்தை மெல்லத் தட்டிப் போடு. ‘மல்லாட்டை’ என்றால் ஓடு. தெற்கத்தி டீம்களுக்கு அது கடலை. மல்லாட்டை என்றால் ஏதோ திட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வருஷம் ஒரு கோச் நடுவரிடம் போய், நான் அவள் பெண்களைக் கேவலமாகப் பேசுகிறேன் என்று புகாரே செய்தாள்.

தேவகி நன்றாக ஓடுகிறாள். கேப்டன். மரக்காணம் பக்கத்துக் குப்பம், மூன்றாம் வருஷம் வரலாறு. அப்பா கடலுக்குப் போகிறவர். இவளைப் போல் ஓடுகிறவளை இருபது வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அதை அவளிடம் சொன்னதும் இல்லை, தலையில் ஏறிக்கொள்ளும். பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் அந்தச் சான்றிதழை வைத்து விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். அவளுக்கு இது கடைசி வருஷம்.

“செலக்ட் ஆயிட்டன்னா கல்யாணத்தத் தள்ளி வெக்கறேன்னு அப்பா சொல்லிக்கினு இருக்குது மேடம்” என்றாள்.

“ஆவலன்னா?”

“மாப்பிள்ள ரெடியாத்தான் இருக்கறாரு.” சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்க: கோடு போடச் சுண்ணாம்பு. முழங்கால் தைலம். இவருக்கு பி.பி. மாத்திரை. பூட்டு.

7 பிப்ரவரி, வியாழன்

திண்டிவனம். நல்ல வெயில். அரையிறுதி ஜெயித்தோம், அதிகம் வேர்க்கவில்லை. நாளை இறுதி, தெற்கத்தி டீம் ஒன்றுடன். உயரமான பிட்சர்.

ஆட்டம் முடிகிற நேரத்தில் வேலிக்கு வெளியே ஒரு அம்மா கூடையோடு வந்து “மல்லாட்டே... அவிச்ச மல்லாட்டே...” என்று கூவினாள். திரும்பி என் பெண்களைப் பார்த்தேன். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என் பெண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருப்பார்கள். நாளைக்கு வார்த்தையை மாற்ற வேண்டும்.

தேவகியின் அப்பாவுக்கு ஜுரம். இங்கிருந்து மரக்காணம் பக்கம்தானே, போய்ப் பார்த்துவிட்டு நாளை நேராக மைதானத்துக்கே வந்துவிடுகிறேன் என்றாள். போகச் சொன்னேன்.

8 பிப்ரவரி, வெள்ளி

தோற்றோம். எழுதப் பிடிக்கவில்லை.

9 பிப்ரவரி, சனி

விடுமுறை. துணி ஊற வைத்துவிட்டு எழுதுகிறேன். உள்ளதை உள்ளபடி எழுதிவிட வேண்டும். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

கடைசி இன்னிங்ஸ். நமக்கு ஒரு ரன் குறைவு. இரண்டு பேர் அவுட். தேவகி மூன்றாம் பேஸில், ஹோமுக்கு ஒரு ஓட்டம்தான் பாக்கி. அடிக்க நின்றவள் பவானி, வைஸ் கேப்டன், கெடார் ஊர்ப் பெண். அன்று தொட்ட பந்தெல்லாம் போய்க்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். மூடிக்கொண்டுதான் நின்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் அந்த அம்மா, “மல்லாட்டே!”

அவள் குரலும் என் குரலும் ஒரே கரகரப்பு. அவளும் வெயிலில் கத்துகிறவள், நானும் வெயிலில் கத்துகிறவள். பிட்சர் கையைவிட்டுப் பந்து கிளம்பியதும் தேவகியும் கிளம்பினாள். பவானி ‘வராத’ என்று அலறினாள். பந்து கேட்சர் கையில் வந்து உட்கார்ந்து இவளுக்காகக் காத்திருந்தது. அவுட். ஆட்டம் முடிந்தது. நம் பக்கத்து ஆள் ஒருத்தர் விஷயத்தை ஊகித்துச் சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரிப்பு. யாரோ காசு கொடுத்து மல்லாட்டை வாங்கித் தேவகி பக்கம் இறைத்தார்கள்.

அவள் எழுந்து கையைத் தூக்கினாள். அது நம் டீம் வழக்கம். தப்பு செய்தவள் கையைத் தூக்க வேண்டும், மற்றவர்கள் கைதட்ட வேண்டும், அடுத்த பந்துக்குப் போய்விட வேண்டும். நான் கொண்டுவந்த வழக்கம். வெள்ளிக்கிழமை ஒருத்தியும் கைதட்டவில்லை.

இப்போது மீதி. அன்று காலை வேனில் வார்த்தையை மாற்றினேன். “இன்னிக்கி மல்லாட்ட கெடயாது. புளின்னா ஓடு.” பதிமூன்று பேரும் கோரஸாகப் புளி, புளி என்றார்கள். டிரைவர் கூடச் சொன்னார். தேவகி வேனில் இல்லை. அவள் மரக்காணத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். ஆட்டத்தில் அந்த வார்த்தையைக் கத்த வேண்டிய நேரமும் வரவில்லை.

மைதானத்துக்கு வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள். “மேடம், எதாச்சும் சொல்லணுமா?”

அப்போது என் பழைய மாணவி ஒருத்தி, இப்போது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர், இருபது வருஷ சேவைக்கென்று எனக்குச் சால்வை போர்த்திக்கொண்டிருந்தாள். போட்டோகிராபர் “இன்னொரு வாட்டி, இன்னொரு வாட்டி” என்று பேஜாரு பண்ணிக்கொண்டிருந்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டே, “ஒண்ணுமில்ல, ஜல்தி போய் வார்ம் அப் பண்ணு” என்றேன்.

போனாள்.

ஆட்டம் முடிந்ததும் நம் கல்லூரி முதல்வர் மேடம் தலைமை விருந்தினர் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். முகம் சிவந்திருந்தது. “என்ன மேடம் இது, ஏன் அவ ஓடினா?”

“நான் சொல்லவே இல்ல மேடம். அவளா ஓடிட்டா.”

எழுத்துக்கு எழுத்து உண்மை. நான் சொல்லவே இல்லை. தேவகி நாலு அடி தள்ளி, முட்டியில் சுண்ணாம்போடு நின்றிருந்தாள். கேட்டிருப்பாள். திரும்பும்போதும் அவள் வேனில் ஏறவில்லை, ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

10 பிப்ரவரி, ஞாயிறு

தை அமாவாசை. மாடியில் காக்கைக்குச் சோறு. ஒன்றுகூட வரவில்லை, பக்கத்து வீட்டு வடைக்குப் போய்விட்டன.

இவர் கேட்டார். “தோக்கறது ஜெயிக்கறது எல்லாம் சகஜம்தான? இன்னாத்துக்கு மூஞ்சிய இப்படித் தூக்கி வெச்சிக்கினு இருக்கற?” தலைவலி என்றேன். தைலம் எடுத்து வந்து தேய்த்துவிட்டார். பாவம்.

1993-இல் சேர்ந்தபோது மைதானம் என்று ஒன்று கிடையாது. முள்செடிதான். நானும் ஐந்து பெண்களும் வெட்டினோம். பாவாடை தாவணியில் பேட் பிடித்தார்கள். வளவனூரில் என் அப்பா, “பொம்பளப் புள்ளைங்களுக்குக் கட்டையால அடிக்கச் சொல்லித் தர்றதுக்கா உன்ன படிக்க வெச்சன்?” என்று ஊர் கேட்கக் கேட்டார். பெண்களின் வீடுகளுக்குப் போய், காப்பித் தண்ணி குடித்து, கெஞ்சி அழைத்து வந்தேன். அவர்களில் இன்று எத்தனை பேர் உத்தியோகத்தில். பஸ்ஸில் கண்டக்டரே டிக்கெட் கிழிக்காமல் “எங்க வீட்டம்மா உங்க ஸ்டூடண்ட்” என்கிறார். கிழியுங்கள் என்று வாங்கிக்கொள்கிறேன்.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரிகிறது. தராசில் இந்தப் பக்கம் எடை ஏற்றுகிறேன்.

11 பிப்ரவரி, திங்கள்

முதல்வர் அறை. பல்கலைக்கழக அணிக்கான கேம்ப் பட்டியல் வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும். “சொல் பேச்சு கேக்காத பொண்ண நம்ம காலேஜ் பேர்ல அனுப்ப முடியாது. தேவகி பேர எடுத்துடுங்க. நடந்தத நீங்க எழுத்தில குடுத்துடுங்க, நாளைக்கு யாரும் கேள்வி கேக்கக் கூடாது.”

கூடவே இன்னொன்றும் சொன்னார். பல்கலைக்கழகத் தேர்வுக் குழுவுக்கு என் பெயரைச் சிபாரிசு செய்திருக்கிறாராம். இத்தனை வருஷம் வாசலில் நின்ற இடம். “தேங்க்ஸ் மேடம்” என்றேன். அறிக்கைக்கும் சேர்த்துச் சொன்னது போல் ஆகிவிட்டது.

பூட்டு வாங்கிவிட்டேன். சாவி இரண்டு.

12 பிப்ரவரி, செவ்வாய்

காலையில் தேவகி வந்தாள். பந்துப் பை வைக்கும் அறையில் நான் தனியாக இருந்தேன். உள்ளே வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான்தான் மேடம் தப்பா காதுல வாங்கிக்கினேன். உங்க கொரலுன்னே நெனச்சிட்டேன்.”

அவளுக்கு வார்த்தை மாறியதே தெரியவில்லை. தன் காதைத்தான் குற்றம் சொல்லிக்கொள்கிறாள். நான் பந்துகளை எண்ணினேன். எண்ணி முடித்து மறுபடியும் எண்ணினேன்.

“சரி விடு. அப்பாவுக்கு எப்படி இருக்கு?”

“பரவால்ல மேடம். எழுந்து உக்கார்றாரு.”

இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். நான் பந்துப் பைக்கு முடிச்சுப் போட்டேன். “வர்றேன் மேடம்” என்று போய்விட்டாள்.

கோழை. எனக்கு வேறு பேர் இல்லை.

13 பிப்ரவரி, புதன்

பவானி பிடித்துக்கொண்டாள். தண்ணீர்க் குழாயடியில், சுற்றிலும் ஆள் இல்லாதபோது.

“மேடம், அன்னிக்கி வேன்ல வார்த்தய மாத்தினீங்களே, அது தேவகிக்குத் தெரியுமா மேடம்?”

“எல்லாருக்கும் சொல்லிட்டேன்.”

“தேவகிக்குமா மேடம்?”

“எல்லாருக்கும்னா இன்னாடி அர்த்தம்?”

“சரிங்க மேடம்.” குழாயை மூடிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை சொன்னதாவது உண்மையின் பாதி. இது முழுப் பொய். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். எனக்கு ஐந்து நாளிலேயே மூச்சு முட்டுகிறது.

மதியம் தேவகி லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாளாம்.

14 பிப்ரவரி, வியாழன்

மூன்று தடவை எழுதிக் கிழித்து, நாலாவது தடவை: ‘மேற்படி வீராங்கனை பயிற்சியாளரின் உத்தரவு இல்லாமல் தன்னிச்சையாக ஓடினார்.’ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

பட்டியல் டைப் ஆகிவிட்டது. தேவகி பெயர் இல்லை. பவானி பெயர் இருக்கிறது.

மதியம் சாப்பிடவில்லை. டப்பாவை அப்படியே திருப்பி எடுத்து வந்ததைப் பார்த்து இவர், “கொழம்பு நல்லா இல்லியா?” என்றார். அவர் வைத்த குழம்பு.

15 பிப்ரவரி, வெள்ளி

காலைப் பயிற்சி. பனி இல்லை, ஆனாலும் யாரும் ஓடவில்லை. நிஜமாகவே ஓடவில்லை. ‘புளி’ என்று கத்தினேன். முதல் பேஸில் நின்ற முதலாம் வருஷப் பெண் அசையாமல் என்னைப் பார்த்தாள். மறுபடி கத்தினேன். மூன்றாவது தடவை கையைத் தூக்கி, “மேடம், நெசமா நீங்கதான் சொன்னீங்களா?” என்று கேட்டாள்.

கிண்டல் இல்லை. பயம். ஓடிவிட்டு அப்புறம் நான் சொல்லவே இல்லை என்று சொல்லிவிடுவேனோ என்ற பயம். இரண்டாம் பேஸில் நின்றவள் தரையைப் பார்த்தாள். பவானி கிளவ்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. இருபது வருஷம் என் வாயிலிருந்து வந்த சொல்லுக்கு, பின்னால் திரும்பிப் பார்க்காமல் ஓடினார்கள். அது ஒன்றுதான் என்னிடம் இருந்த வித்தை. மீதியெல்லாம் யாரும் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

பயிற்சியை நிறுத்திவிட்டு டிராக் பேன்ட்டோடு முதல்வர் அறைக்குப் போனேன். வேனில் வார்த்தையை மாற்றியது, தேவகி வந்து கேட்டது, சால்வை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது அழுதேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன்.

“அறிக்கையில வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?”

“எழுதினது பொய்யி மேடம்.”

முதல்வர் அறிக்கையை எடுத்து மறுபடியும் படித்தார். பிறகு, “பட்டியல திரும்ப டைப் பண்ணச் சொல்லுங்க. உங்க விஷயத்த நான் யோசிக்கணும்” என்றார். தேர்வுக் குழுவைச் சொல்கிறார். யோசிக்கட்டும்.

டைப் செய்கிறவர் பக்கத்திலேயே நின்றேன். தேவகி பெயர் முதலில். கவரை நானே ஒட்டி, நானே தபாலாபீஸுக்குக் கொண்டுபோய்ப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். ரசீது இந்த நோட்டில்தான் இருக்கிறது.

தபாலாபீஸ் வாசலிலிருந்து அவளுக்குப் போன். பின்னால் காற்று இரைச்சல், கடல் பக்கம் இருந்தாள் போல.

“தேவகி, அன்னிக்கி வார்த்தய மாத்தினேன்டி. வேன்ல மாத்தினேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன். தப்பு எம்மேலதான். பிரின்சிபால் மேடம்கிட்ட சொல்லிட்டேன்.”

“தெரியும் மேடம்.”

“எது தெரியும்?”

“வார்த்த மாறினது. மேட்ச் முடிஞ்ச அன்னிக்கே பவானி போன் பண்ணிச் சொல்லிடுச்சி.”

அன்றைக்கே. அப்படியென்றால் செவ்வாய்க்கிழமை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அவளுக்குத் தெரியும். குழாயடியில் கேட்டபோது பவானிக்கும் தெரியும்.

“அப்புறம் ஏன்டி எங்கிட்ட வந்து தப்பா கேட்டுட்டேன்னு சொன்ன?”

“நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன் மேடம்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மாவு இருக்கிறதா என்று கேட்பது போல் சொன்னாள்.

பட்டியலில் அவள் பெயர் போய்விட்டது என்றேன். அழுதாளா, மூக்கை உறிஞ்சினாளா, காற்றில் தெரியவில்லை. “தேங்க்ஸ் மேடம்” என்றாள். கேம்புக்குப் போகும் பெண்களை ஒவ்வொரு வருஷமும் நானேதான் கூட்டிப் போவேன். தலை வாரி, சாப்பாடு கட்டி, ஷூ லேஸ் வரை பார்த்து. அந்த ஞாபகத்தில் சொன்னேன்: “கேம்ப் அன்னிக்கி காலையில மொத பஸ்ஸு. நான் பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன், வந்துடு.”

“இல்ல மேடம். நீங்க வர வேணாம். நான் பவானிகூட போய்க்கறேன்.”

சரிம்மா என்றேன். இருபது வருஷத்தில் என் பெண்கள் ஒருத்தியையும் நான் ‘டி’யை விட்டு ‘அம்மா’ போட்டுக் கூப்பிட்டதில்லை.