கடலிலும் தண்ணீர் கலந்தார்கள்

அன்பு மாப்ள தங்கராசு,

1938 மார்ச் 14, திங்கட்கிழமை, காலை பத்தேகால். ஜாடிகள் நாற்பத்தொன்று. நாற்பதில் செத்த மீனும் நண்டும். கடைசி ஜாடியில் கடல். மூன்று வருஷமாக நீ எழுதி எழுதிக் கெஞ்சிய காலேஜும் மியூசியமும் ஒருவழியாகக் கூட்டுச் சேர்ந்து தேனிக்கு வந்து, நீ வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்து ஹாலில் கடலைக் கடை விரித்தார்கள். நீ செத்து எட்டு மாதம் கழித்து.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். குளிர்காய்ச்சலில் நடுங்கியவன், நான் கொடுத்த கொயினா மாத்திரையை விழுங்காமல் தலைமாட்டில் வைத்துவிட்டு அவர்களுக்கு இன்னொரு மனு எழுதினாயே, அதற்காக.

"மலைக்கு நடுவுல இருக்கவனுக்குக் கடல் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"மச்சான், கடலுக்குப் போற பெரியாத்துத் தண்ணிய மலையைக் குடைஞ்சு இங்கன திருப்பி நெல்லு போடுறோம். யாருக்குச் சேர வேண்டிய தண்ணின்னு ஒருநாளாவது பாக்க வேணாமா?" என்றாய்.

ஜாடிச் சீட்டெல்லாம் இங்கிலீஷ். லெக்சரர் பேசியதும் இங்கிலீஷ். வடுகபட்டியிலிருந்து வந்த பூண்டு வியாபாரி ஒருவர், "இவுக நமக்குச் சொல்லுறாகளா, மீனுக்குச் சொல்லுறாகளா?" என்று சத்தமாகவே கேட்டார்.

பேச்சியும் வந்திருந்தாள். உன் சாம்பலைக் கரைக்க ராமேஸ்வரம் கிளம்பியபோது, பொம்பளைக்கு அங்கே என்ன வேலை என்று உன் பெண்டாட்டியை, என் தங்கச்சியை, ஸ்டேஷனோடு திருப்பி அனுப்பியவன் நான். அவள் மீனையெல்லாம் பார்க்கவில்லை. நேரே கடைசி ஜாடிக்குப் போய், மூடியைத் திறந்து, விரலை நனைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"தொடாதேம்மா! எக்ஸிபிட்!" லெக்சரருக்கு அப்போதுதான் தமிழ் வந்தது.

"இதுலதான் அவுக இருக்காக," என்றாள். தீர்த்தம் போல நாக்கில் ஒரு சொட்டு விட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, கடலு கரிக்கும்னாகளே? இது நம்ம ரசத்தை விடச் சப்புனு இருக்கு."

சானிட்டரி இன்ஸ்பெக்டரான என் பையில் லாக்டோமீட்டர் இல்லாமல் இருக்குமா? டீக்கடைப் பாலில் தண்ணீர் பிடிக்கிற கருவியைக் கடலில் விட்டேன். நிஜக் கடல் தண்ணீரென்றால் இருபத்தைந்தை ஒட்டி நிற்க வேண்டும். எட்டில் நின்றது. மூன்றில் இரண்டு பங்கு வெறும் தண்ணீர்.

மியூசியத்துப் பியூனைப் பிடித்தேன். ரயிலில் மூடி கழன்று பாதிக்கு மேல் கொட்டிவிட்டதாம். ஆண்டிபட்டி ஸ்டேஷன் குழாயில் பிடித்து நிரப்பினானாம். "ஜாடி நெறஞ்சி இருக்கணும்னுதான் சார் ஆர்டர். எத்தால நெறையணும்னு யாரும் சொல்லலே." லெக்சரர், ஜாடி மியூசியத்தின் பொறுப்பு என்றார். மியூசியத்துக்காரர், தண்ணீர் காலேஜின் பொறுப்பு என்றார். ஒப்பந்தத்தை நீட்டினார்கள். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது! இதற்காகவா மாப்ள, மூன்று வருஷம்?

"கடல்லயும் தண்ணி கலந்துட்டாங்கய்யா!" என்று ஹால் அதிரக் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். பேச்சி சிரிக்கவில்லை.

"அப்ப அவுக எங்கண்ணே இருக்காக?"

கலப்படப் பாலைப் பிடித்தால் அங்கேயே சாக்கடையில் கொட்டுகிறவன் நான். அந்த ஜாடியைக் கொட்டக் கை வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு நிஜமாயிற்றே.

இனி நான் செய்யப்போவது:

1. வெள்ளிக்கிழமை ரயிலில் பேச்சியை ராமேஸ்வரத்துக்கு அப்பால், உன்னைக் கரைத்த தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போகிறேன். எவன் என்ன பேசினாலும்.

2. லாக்டோமீட்டரும் வரும். இருபத்தைந்தை ஒட்டி நிற்காத தண்ணீர் நான் கொண்டுபோகும் தகர டின்னில் ஏறாது.

3. அந்தத் தகரம் உன் பள்ளிக்கூடத்து ஹாலுக்கு. சீட்டு தமிழில். எழுதப்போகிறவள் பேச்சி.

4. காலேஜுக்கும் மியூசியத்துக்கும் இனித் தனித்தனி மனு கிடையாது. இந்த ஒரே கடிதம், அச்சில். இரண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்லட்டும்.

5. முதலில் எழுதியிருக்க வேண்டியது: கரையில் அவளை விட்டுவிட்டு நான் தள்ளி நிற்பேன். திரும்பலாம் என்று அவளே சொல்கிறவரை வாயைத் திறக்க மாட்டேன்.

பேச்சிக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
முத்தையா